மரமேறுவோர் கைவாள்

மரத்தின்மீது ஏறி வேலை செய்பவர் தம் கருவியை எங்கே வைத்துக்கொள்வது? நம் நாட்டுப் பனையேறி இக்கேள்விக்கு நெடுங்காலத்திற்கு முன்பே விடை கண்டுவிட்டார். காலிலே தளைநார், இடுப்பிலே அரிவாள் பெட்டி, ஏறும்போதும் இறங்கும்போதும் கைகளில் ஒன்றும் இராது. பாளை சீவும் வேளையில் மட்டுமே அரிவாள் பெட்டியைவிட்டு வெளியே வரும். இந்த ஏற்பாட்டை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால், நான் இன்று கூறவிருக்கும் பொறியின் வரலாறு எளிதில் விளங்கும்.

கடைத்தெருவில் 'செயின் சா' என்றும் 'பவர் சா' என்றும் வழங்கும் சங்கிலி வாளே அப்பொறி. அதிலும், பிடி மேற்புறத்தில் அமைந்த சிறிய வகை ஒன்று மரமேறுவோர்க்கென்றே உண்டு. மேற்பிடி வாள் என்று அதனை அழைப்போம்.

பழனி வட்டாரத்தில் இத்தகைய கருவிக்கு வேலை மிகுதி. தென்னந்தோப்புகள் ஒருபுறம், சாலையோரப் புளியமரங்கள் மறுபுறம். மதுரையில் 1689 முதல் ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்திய இராணி மங்கம்மாளின் பெயரைச் சாலை மரங்களோடு சேர்த்துச் சொல்வது தென்பாண்டி மக்களின் வழக்கம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் மாவட்டம்வரை வந்து, கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. வீட்டுக் கூரைமீதும் மின்கம்பிமீதும் சாய்ந்து நிற்கும் மரத்தை அடியோடு வெட்டித் தள்ளுதல் இயலாது. ஒருவர் மேலே ஏறிக் கிளை கிளையாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். அந்த ஒருவரின் உயிரைப் பற்றியதே இப்பேச்சு.

சங்கிலியில் பல் வைத்து அறுக்கலாம் என்னும் எண்ணம் காட்டிலே பிறந்ததன்று. மருத்துவரிடத்தில் பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். ஜெர்மனியில் வுர்ட்ஸ்பர்க் நகரத்துப் பெர்னார்டு ஹைனே என்பவர், எலும்பை அறுப்பதற்காக 1830ஐ ஒட்டி, கைப்பிடியைச் சுழற்றினால் பற்சங்கிலி ஓடும் கருவி ஒன்றை ஆக்கினார். பின்னரே அவ்வெண்ணம் மரத்திற்கு வந்தது. ஆந்திரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி வாளைச் செய்தார். அடுத்த ஆண்டில் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலால் ஓடும் வாளைத் துரிங்கியா நாட்டு டோல்மார் மலையில் ஓட்டிக் காட்டினார்; அதன் எடை 58 கிலோ. ஸ்டில் 1929இல் கொணர்ந்த பெட்ரோல் வாள் 46 கிலோ. இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய இவற்றை மரத்தின்மேல் கொண்டு செல்வதை யார் கனவு காண்பார்?

எடை குறைந்தது மட்டும் போதவில்லை. தொடக்கக்கால எஞ்சின்களில் பெட்ரோலின் அளவை ஒரு மிதவை காத்தது. வாளைச் சாய்த்தால் மிதவை நிலைகுலையும், எஞ்சின் நின்றுவிடும். மரத்தின் மேலோ, நேராகப் பிடித்து அறுக்கும் வாய்ப்பு அரிதினும் அரிது. மிதவையை நீக்கி, மெல்லிய சவ்வினால் பெட்ரோலை அளந்துவிடும் கார்புரேட்டர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவிய பின்னரே, தலைகீழாகப் பிடித்தாலும் வாள் ஓடலாயிற்று. அதே காலத்தில் சங்கிலியும் திருந்தியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரத்தொழிலாளி, 1946இல் ஒருநாள், அடிமரத்தைக் குடையும் வண்டின் புழுவை உற்று நோக்கினார். அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாகச் சீவி, மரத்தை நார்வழியும் குறுக்கும் எளிதில் தின்பதைக் கண்டார். அத்தாடையைப் போன்ற பல்லை அவர் உருக்கில் அமைத்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அப்பல்லின் வழிவந்தவையே. புழுவிடம் பாடங்கேட்ட அம்மனிதரை நான் வகுப்பறையில் பலமுறை எடுத்துக் கூறியதுண்டு.

1950இல் ஸ்டில் செய்த, ஒருவரே ஆளக்கூடிய பெட்ரோல் வாள் 16 கிலோ. 1959இல் வந்தது 12 கிலோ. இவ்வாறு இறங்கி இறங்கி வந்த எடை, மரமேறுவோர் வாளுக்கு உலகத் தர நிர்ணய அமைப்பு வகுத்த விதியில் 4.3 கிலோவுக்கு மிகலாகாது என்ற வரம்பில் வந்து நிற்கிறது. அறுக்கும் தகடும் சங்கிலியும் பெட்ரோலும் இக்கணக்கில் சேரா.

பிடி மேலே வந்தது ஏன் என்று காண்போம். தரையில் நின்று அறுக்கும் வாளில் ஒரு பிடி முன்னும் மற்றொன்று எஞ்சினுக்குப் பின்னும் இருக்கும். அதனால் வாள் நீளமாகும். கிளைகளுக்கிடையே திருப்ப முடியாது. பின்பிடியை எஞ்சினின் தலைமேல் ஏற்றியவுடன் வாள் குறுகியது. எடையும் கைக்கு நேர்கீழே தங்கியது. ஆனால் இந்த நன்மைக்குள்ளேயே கேடும் ஒளிந்துள்ளது. இரு பிடிகளும் நெருங்கிவிட்டமையால், வாள் துள்ளும்போது அதனை அடக்கும் நெம்பு வலிமை குறைகிறது. தகட்டின் மூக்கின் மேற்பாதி மரத்தில் பட்டால், கண்ணிமைக்கும் முன் வாள் மேல்நோக்கிப் பின்னே எறியப்படும். எதிரே இருப்பது அறுப்பவரின் முகமும் கழுத்தும்.

என்னிடம் படித்து, இன்று மரமேறும் தொழில் செய்யும் ஒருவர் அண்மையில் வந்து கேட்டார்: "ஐயா, இந்தச் சிறிய வாளை ஒற்றைக் கையால் ஓட்டலாம் என்று கடையில் சொல்கிறார்கள். விலைதான் கூடுதல். பெரியதையே வாங்கிவிடட்டுமா?"

"தம்பி, ஒற்றைக் கை என்று சொன்னவர் மரம் ஏறியவரல்லர்," என்றேன். மேற்பிடி வாளும் இரு கைகளால் பிடிப்பதற்கே செய்யப்பட்டது. மற்றொரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு அறுப்பவர், அறுபடும் இடத்திற்கருகே தம் விரல்களையே வைக்கிறார். இரு கைகளும் விடுபட வேண்டுமாயின் உடலைக் கயிறு தாங்க வேண்டும். ஆகவே, வாளுக்கு முன் இடுப்புவாரும், மரத்தைச் சுற்றிக் கட்ட உருக்குக் கம்பி உள்ளோடிய கயிறும் வாங்குமாறு கூறினேன். வாள் தவறினால் வெறும் கயிறு ஒரு நொடியில் அறுந்துபோகும்.

வாளைப் பொறுத்தவரை, 12 அங்குலத் தகடு அவருடைய பெரும்பாலான வேலைக்குப் போதும். நீண்ட தகட்டின் மூக்கு கண்ணுக்கு எட்டாத கிளையைத் தொட்டுத் துள்ளும். சங்கிலித் தடை முன்கைக் காப்பைத் தட்டியவுடன் பிடிக்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். அறுக்காத நேரமெல்லாம் அத்தடை போட்டிருக்க வேண்டும்; இடுப்பிலிருந்து வாளைத் தொங்கவிடும் வளையமும் உறுதியாக இருத்தல் வேண்டும். புளியின் வைரமும், தென்னையின் வெளிப்பட்டையை அடுத்த கடினப் பகுதியும் பல்லை விரைவில் மழுக்கும். ஆதலால் அரமும், பழுது பார்ப்பவரும், மாற்றுச் சங்கிலியும் உள்ளூரில் கிடைக்குமா என்று விசாரிப்பது, எஞ்சினின் குதிரைத் திறனை விசாரிப்பதைவிட முதன்மையானது.

இப்போது மின்கலத்தால் ஓடும் மேற்பிடி வாள்களும் வந்துள்ளன. மரத்தின்மேல் தொங்கிக்கொண்டு கயிறிழுத்து எஞ்சினைக் கிளப்பும் தொல்லை அவற்றில் இல்லை. அறுப்பதை நிறுத்தியவுடன் ஓசை அடங்குவதால், கீழே நிற்பவர் கூவுவது காதில் விழும்; இதனை நான் பெரிதாக மதிக்கிறேன். மின்கலம் தீர்ந்துவிடும் என்பது அம்மாணவரின் கவலை. மாற்றுக்கலம் ஒன்றையும் சேர்த்து விலை கேட்டு வந்திருக்கிறார். கயிறும் இடுப்புவாரும் சென்ற வாரமே வாங்கியாயிற்று.