குழந்தைகளுக்கு வரும் லூபஸ்: நம்ம தோல் நிறத்தில் ஏன் தெரிவதில்லை? கல்வராயன் மலைப் பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, முகத்துல கருமை, எந்நேரமும் அசதி. 12 வயசுப் பொண்ணுக்கு இப்படி இருந்தா வீட்டுல என்ன சொல்வாங்க? "வெயில்ல சுத்துனது", "ரத்தம் கம்மி", "சோம்பேறித்தனம்". பல நேரம் காரணம் சாதாரணமானதாவே இருக்கும். ஆனா இதெல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், லூபஸா என்றும் பார்க்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டுக்குள் வைக்கலாம். தாமதமானால் கிட்னியே செயலிழக்கலாம்.

லூபஸ் என்றால் என்ன?

கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, சொந்த உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். தோல், மூட்டு, ரத்தம், கிட்னி, மூளை என எந்த உறுப்பையும் இது பாதிக்கலாம். இது தொற்றுநோய் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பரவாது.

லூபஸ் நோயாளிகளில் சுமார் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு 18 வயதுக்குள்ளேயே நோய் தொடங்கிவிடுகிறது. பெண் பிள்ளைகளே அதிகம். பெரியவர்களைவிட குழந்தைகளுக்கு நோயின் வேகமும் கிட்னி பாதிப்பும் கூடுதல். அமெரிக்கப் பாடகி செலினா கோமஸ் 2017-ல் கிட்னி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டது லூபஸால்தான்.

இனத்துக்கும் லூபஸுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லா இனத்தவருக்கும் லூபஸ் வரும், ஆனால் ஒரே அளவில் வருவதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்த ஆய்வு 1995-ல் வெளியானது. அங்கே வெள்ளையரைவிட தெற்காசியர்களிடம் லூபஸ் அதிகம் இருந்தது. ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளியினரிடம் அதைவிடவும் அதிகம். அமெரிக்காவிலும் கறுப்பின, ஹிஸ்பானிக், ஆசியக் குழந்தைகளுக்குக் கிட்னி பாதிப்பு கூடுதலாக வருகிறது.

அப்போ எல்லாமே மரபணுவா? இந்தக் கேள்விக்காகவே அமெரிக்காவில் 1990-களில் 'லூமினா' என்ற ஆய்வு தொடங்கியது. நோய் வருவதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் யார் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று பார்த்தபோது, இனத்தைவிட வறுமைதான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. எத்தனை நாளில் டாக்டரைப் பார்க்க முடிகிறது, மாத்திரை தடையில்லாமல் கிடைக்கிறதா என்பதெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயங்கள்.

கல்வராயன் மலையில் என்ன நிலைமை?

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவானது கள்ளக்குறிச்சி மாவட்டம். கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளாக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று இந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான்.

இந்த இனத்துக்குத்தான் லூபஸ் வரும், அந்தச் சாதிக்கு வராது என்றெல்லாம் எதுவும் இல்லை. மலைப் பிள்ளைகளுக்கு இருக்கும் கூடுதல் ஆபத்து தூரமும் செலவும்தான். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ் கட்டணத்தோடு பெற்றோரின் அன்றைய கூலியும் போச்சு. 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இந்த மலை மக்களின் வாழ்வாதாரம், அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது.

நம்ம தோலில் எப்படித் தெரியும்?

லூபஸ் என்றதும் மருத்துவப் புத்தகங்கள் காட்டுவது இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் பட்டாம்பூச்சி வடிவில் படரும் சிவப்புத் தடிப்பு. பெரும்பாலும் அந்தப் படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அதே தடிப்பு பழுப்பாகவோ, ஊதா கலந்த கருமையாகவோ தெரியும். அதனால் 'மங்கு', 'வெயில் கருப்பு' என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். வெயிலில் போய் வந்ததும் அந்த இடம் மோசமானால் கவனிக்கணும்.

வாழ்க்கைத் தரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் குழந்தை சந்தோஷமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இதை அளக்க 'ஸ்மைலி' என்ற கேள்வித்தாள் இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகள் மூட்டுவாத நிபுணர் நந்தினி மூர்த்தி தலைமையில் உருவானது. சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை உள்ள படங்களில் ஒன்றைக் குழந்தை தேர்ந்தெடுக்கும். பெற்றோருக்கும் தனிக் கேள்வித்தாள் உண்டு.

நம்ம ஊரில் யோசித்துப் பாருங்கள். ஸ்டீராய்டால் முகம் உப்பி, உடம்பு போடும். வகுப்பில் கிண்டல் செய்வார்கள். வெயிலில் விளையாட முடியாது, மரவள்ளிக் காட்டில் அம்மாவுக்கு உதவ முடியாது. வெளியே தெரியாத அசதியை யாரும் நம்ப மாட்டார்கள். கூடவே, 'நாளைக்குக் கல்யாணம் எப்படி ஆகும்' என்ற வீட்டின் கவலையும் அந்தப் பிள்ளை காதில் விழும். உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, தினமும் மாத்திரை கொடுத்து விசாரிக்க ஓர் ஆசிரியர் இருந்தாலே பாதி பாரம் குறையும்.

சிகிச்சை என்ன? எங்கே போவது?

முழுசா குணமாகாது, ஆனால் கட்டுப்படுத்தலாம். அடிப்படை மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 2020 கொரோனா நேரத்தில் பெயர் அடிபட்ட அதே மாத்திரை. இதைச் சாப்பிடுபவர்கள் கண் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். தேவைக்கேற்ப ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் சேரும்.

முதலில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி. சிறப்பு சிகிச்சை தேவைப்பட்டால், 100 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும் புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென நோய் எதிர்ப்பியல் துறை உள்ளது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை வந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

* காரணம் தெரியாத காய்ச்சல், மூட்டு வீக்கம், வாய்ப்புண், முடி கொட்டுதல் சில வாரம் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.
* முகம், கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ ஒருநாள்கூட தள்ளிப்போட வேண்டாம்.
* முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை, நிழல்: வெயிலைத் தவிர்க்க இதுவே நல்ல தொடக்கம்.
* ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.
* நாட்டு மருந்து கொடுத்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிட்னி பாதிப்பை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சிறுநீரில் போகும் புரதம்தான். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிற அதே ஆல்புமின் சோதனை போதும். சில நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அதைக் கேட்டுச் செய்யுங்கள்.