வெலிங்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

1987 ஜூலை 29-ல் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதிப்படை பலாலியில் இறங்கியது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, அதே தெருக்களில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது.

அந்தப் படையில் நீலகிரிக்கும் பங்கு உண்டு. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கிறது. 91-வது பிரிகேடில் 8 மஹார், 1 மராத்தா பட்டாலியன்களோடு 5 மெட்ராஸும் போனது. 'வீர மதராஸி, அடி கொல்லு' என்று முழங்கிப் பழகிய தமிழ்ச் சிப்பாய்க்கு எதிரே நின்றவரும் தமிழர்தான். இதே மலையில் கூடலூர், கோத்தகிரி பக்கத்து அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களில், 1964-ன் சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டு வந்த தீவுக்கு இவர்கள் துப்பாக்கியோடு போனார்கள்.

சண்டை சில நாட்களில் முடிந்துவிடும் என்றுதான் மேலிடம் கணக்குப் போட்டது. அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டர்கள் வீரர்களை இறக்கின. புலிகளின் தலைமையை அப்படியே அமுக்கிவிடுவது திட்டம். ஆனால், படையின் ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்ட புலிகள் முன்பே தயாராக இருந்தார்கள். குண்டடி பட்ட ஹெலிகாப்டர்களால் திரும்ப வர முடியவில்லை. இறங்கிய 13-வது சீக்கிய இலகு காலாட்படைப் பட்டாலியனின் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். ஒவ்வொரு தோட்டாவாகச் சுடும் பழைய எஸ்.எல்.ஆர். இவர்கள் கையில், ஏ.கே.47 அவர்கள் கையில். தெருவெல்லாம் கண்ணிவெடி.

அதே 91-வது பிரிகேடின் 8 மஹாரில் இருந்தவர் மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரன், மும்பையில் பிறந்த தமிழர். நவம்பர் 25-ல் பதுங்கித் தாக்கியவர்களைச் சுற்றி வளைக்கப் போனார். மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டுவிட்டுத்தான் இறந்தார். அமைதிப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது.

வீரத்தை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த படையினர் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள் என அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். அதை யாழ்ப்பாணம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம்.

தளபதிகளின் நிலையும் சங்கடம்தான். பேச வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ சொல்லி, கொழும்பிலிருந்த இந்தியத் தூதர் தீட்சித் போன் செய்ததாகவும், பேச்சுக்கு வருபவரைச் சுட மாட்டேன் என்று தான் மறுத்ததாகவும் 54-வது டிவிஷன் தளபதி ஹர்கிரத் சிங் பின்னாளில் எழுதினார். கொழும்பிலிருந்து ஓர் உத்தரவு, டெல்லியிலிருந்து இன்னொன்று. அரசியல் குழம்பினால் களத்தில் செத்துத் தீர்ப்பது சிப்பாய்தான்.

1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அங்கே இழந்திருந்தோம்.

ஹர்கிரத் சிங், திபீந்தர் சிங் போன்ற தளபதிகள் தங்கள் தரப்பை ஆங்கிலத்தில் புத்தகமாக்கிவிட்டார்கள். ஹவில்தாரும் நாயக்கும் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. வெலிங்டனில் பயிற்சி பெற்று அங்கே போய் வந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்லச் சொல்ல எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.