ஒலிபெருக்கியின் காந்தம் கிட்டாரைக் கெடுக்குமா?

மின்சாரக் கிட்டாரை ஒலிபெருக்கியின் பக்கத்தில் வைத்தால் கிட்டாரிலுள்ள காந்தம் வலுவிழந்துவிடும் என்று யாரேனும் சொல்ல நீங்கள் கேட்டிருக்கலாம். எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு இந்தக் கவலையோடுதான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவர் தந்தை தையற்கடை நடத்துபவர். இரண்டு தீபாவளிப் பருவத்தின் கூலியில் மிச்சம் பிடித்து, பழைய மின் கிட்டார் ஒன்றை மகனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். பத்தடிக்கு எட்டடி அறை. ஒரு மேசை, இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு கணிப்பொறி. இவைதாம் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். வேறு இடம் இல்லாததால் கிட்டார் ஒலிபெருக்கியை ஒட்டியே சாய்ந்திருந்தது.

சில மாதங்களில் மெல்லிய தந்திகளின் ஒலி குன்றிப்போயிற்று. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனார். "ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தீர்களா? காந்தம் போய்விட்டது. மூன்று பிக்கப்பையும் மாற்ற வேண்டும்" என்றாராம் அவர். சொன்ன தொகை கிட்டாரின் விலையில் பாதிக்கு மேல். "சார், உண்மையிலேயே காந்தம் போகுமா?" என்று மாணவர் கேட்டார். உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. ஏனெனில் இந்த அச்சம் வெறும் கட்டுக்கதை அன்று. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. அந்தக் காலம் எப்போது முடிந்தது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதலில் பிக்கப் என்பது என்னவென்று பார்ப்போம். 1831-இல் மைக்கேல் பாரடே, கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் மின்னோட்டம் உண்டாவதைக் காட்டினார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1931-இல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் போஷாம்ப் என்ற கிட்டார் கலைஞர் அதே தத்துவத்தைத் தம் இசைக்கருவியில் பொருத்தினார். பெரிய வாத்தியக் குழுக்களின் நடுவே கிட்டாரின் மெல்லிய ஒலி அமுங்கிப் போவதுதான் அவருடைய குறை. எஃகுத் தந்திகளைச் சுற்றி இரண்டு குதிரைலாடக் காந்தங்களை வளைத்து வைத்து, தந்திகளின் அடியில் ஒரு கம்பிச் சுருளை அமைத்தார். தந்தி அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது; சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. (நைலான் தந்தியைக் கட்டினால் இந்தக் கருவி ஊமை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.) வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக அலுமினியத்தில் வார்க்கப்பட்டிருந்த அந்தக் கருவிக்கு 'வறுக்கும் சட்டி' என்றே பட்டப்பெயர் வந்தது. 1934-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937-இல்தான் கைக்கு வந்தது.

ஒலிபெருக்கி இதன் தலைகீழ். பிக்கப்பில் அசைவு மின்சாரமாகிறது. ஒலிபெருக்கியில் மின்சாரம் அசைவாகிறது. காந்தமும் சுருளும் இரண்டிலும் உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வாளர்களான ரைஸ், கெல்லாக் இருவரும் 1925-இல் வெளியிட்ட அமைப்பே இன்றைய ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படை. ஆனால் அந்நாளைய ஒலிபெருக்கிகள் பலவற்றில் இருந்தது நிலைக்காந்தம் அன்று, மின்காந்தம். வானொலிப் பெட்டியை அணைத்தால் காந்தமும் அணைந்துவிடும். போதிய வலிமையுள்ள நிலைக்காந்தம் மலிவாகக் கிடைக்காததே காரணம்.

இனி காந்தங்களின் கதைக்கு வருவோம். எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் பழைய குதிரைலாடக் காந்தங்கள் சில இருக்கின்றன. அவற்றின் இரு முனைகளையும் இணைத்துத் தேனிரும்புத் துண்டு ஒன்றை எப்போதும் வைத்திருப்போம். அது இல்லாவிட்டால் எஃகுக் காந்தம் தன் புலத்தாலேயே நாளடைவில் வலுக்குன்றும். வேறொரு காந்தத்தை எதிர்த்திசையில் அருகே கொண்டுவந்தாலும் கெடும். கீழே போட்டாலும் கெடும்.

ஒரு காந்தத்தின் காந்தத்தன்மையை அழிக்க எதிர்த்திசையில் எவ்வளவு புலம் வேண்டும் என்பதைக் 'காந்த நீக்கு விசை' என்கிறோம். இதை எர்ஸ்டெட் என்ற அலகில் அளப்பது பழைய வழக்கம். காற்றில் ஒரு எர்ஸ்டெட் புலம் ஒரு காஸ் என்றே கொள்ளலாம். டங்ஸ்டன் எஃகுக்கு இது ஏறத்தாழ 70. 1917-இல் ஜப்பானியரான கோட்டாரோ ஹோண்டா கோபால்ட் சேர்த்த எஃகைக் கண்டு, இதை 250-ஐ ஒட்டி உயர்த்தினார். பெரும் பாய்ச்சல் 1931-இல் நிகழ்ந்தது. டோக்கியோவில் டோகுஷிச்சி மிஷிமா என்ற உலோகவியலார், இரும்பும் நிக்கலும் சேர்ந்த கலவையில் அலுமினியத்தையும் சேர்த்தபோது அது மிக உறுதியான காந்தமாயிற்று. கோபால்ட்டும் சேர்ந்து இது 'ஆல்நிக்கோ' குடும்பமாக வளர்ந்தது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காந்தப் புலத்திலேயே வைத்துக் குளிரச் செய்யும் முறையால் 'ஆல்நிக்கோ 5' பிறந்தது. அதன் காந்த நீக்கு விசை 600 எர்ஸ்டெட்டுக்கும் சற்று மேல். 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப்பில், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் நிற்கும் சிறு உருளைகள் இந்த ஆல்நிக்கோவால் ஆனவை. மாணவரின் கிட்டாரும் அதே அமைப்புடையதுதான்.

போஷாம்பின் காலத்துக் கருவிக்கு ஒலிபெருக்கிக் காந்தத்தை அருகே கொண்டுபோவது கெடுதலாக இருந்திருக்கக்கூடும். அவருடைய காந்தம் எஃகு வகை. ஆல்நிக்கோ வந்தபின் நிலைமை மாறியது. அச்சம் மட்டும் மாறவில்லை. அது நீடிக்க இன்னொரு காரணமும் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் அருகே ஒலிபெருக்கியை வைத்தால் திரையில் நிறம் திரிந்து போகும். எலெக்ட்ரான் கற்றையை வளைக்கச் சில காஸ் புலமே போதும். கண்ணால் கண்ட அந்தக் கெடுதலை மக்கள் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக்கிக் கொண்டார்கள்.

சரி, அந்த ஒலிபெருக்கியின் புலம் எவ்வளவு? மாணவரையே அளக்கச் சொன்னேன். நம் கல்லூரிகளில் இருக்கும் விலகு காந்தமானியே போதுமானது. ஒலிபெருக்கியின் அச்சைக் கிழக்கு மேற்காக வைத்து, திசைகாட்டிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே போனோம். ஊசி 45 பாகை விலகிய இடத்தில் ஒலிபெருக்கியின் புலமும் புவிப் புலத்தின் கிடைக்கூறும் சமம். நம் பகுதியில் அது ஏறத்தாழ 0.4 காஸ். காந்தத்திலிருந்து 40 செ.மீ. தொலைவில் ஊசி அப்படி நின்றது. தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் புலம் மாறும் என்ற விதியைக் கொண்டு கணக்கிட்டால், 10 செ.மீ. தொலைவில் சுமார் 25 காஸ். (இவ்வளவு அருகில் விதி அத்தனை துல்லியமாக இராது; மதிப்பீடாகக் கொள்க.) பெட்டியின் மரப்பலகையே கிட்டாரை அதைவிட நெருங்க விடாது. 25 எங்கே, 600 எங்கே!

பெட்டியில்லாத ஒலிபெருக்கியின் காந்தத்தைப் பிக்கப்பின் மேல் நேராக ஒட்ட வைத்தால் கதை வேறு. அங்கே புலம் நூற்றுக்கணக்கான காஸ் இருக்கலாம். ஆல்நிக்கோவும் ஓரளவு வலுவிழக்கும். அதைச் செய்யாதீர்கள். 1952-இல் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகம் வெளியிட்ட பெர்ரைட் வகைக் காந்தங்களுக்குக் காந்த நீக்கு விசை இன்னும் பன்மடங்கு கூடுதல். அவை உள்ள பிக்கப்புகளுக்கு இந்தக் கவலையும் இல்லை.

அப்படியானால் ஒலி ஏன் குன்றியது? மூன்று பிக்கப்புகளின் உருளைகளிலும் குண்டூசிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையைத் தாங்கின. பிறகுதான் மாணவர் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது சாய்ந்திருக்கிறது" என்றார். அவர் எப்போதும் வாசிக்கும் பிக்கப்பின் ஒரு பக்கத் திருகு தளர்ந்து, மெல்லிய தந்திகளின் பக்கம் கீழே இறங்கியிருந்தது. தந்திக்கும் காந்தத்துக்கும் இடைவெளி கூடினால் ஒலி குன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருகாணியால் 3 மி.மீ. உயர்த்தினோம். ஒலி திரும்பி வந்தது.

திருகைத் தளர்த்தியது காந்தம் அன்று, அதிர்வு. ஒலிபெருக்கிப் பெட்டியில் சாய்ந்து நிற்கும் கிட்டார் ஒவ்வொரு தாழ்ந்த சுரத்துக்கும் தானும் நடுங்குகிறது. மின்பெருக்கியோடு இணைப்பில் இருந்தால் இன்னொன்றும் நிகழும்: ஒலி தந்தியை அசைக்க, தந்தி ஒலியைப் பெருக்க, ஊளை பிறக்கும். 1964 அக்டோபரில் லண்டன் ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில், பெருக்கியின் மேல் சாய்த்து வைத்த ஜான் லெனனின் கிட்டார் இப்படித்தான் ஊளையிட்டது. பீட்டில்ஸ் குழுவினர் அதை வேண்டுமென்றே 'ஐ ஃபீல் ஃபைன்' என்ற இசைத்தட்டின் தொடக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இடம் குறைவென்றால் கிட்டாரைத் தனித் தாங்கியில், ஒலிபெருக்கியின் முகத்துக்கு எதிரே அல்லாமல் பக்கவாட்டில், இரண்டடி தள்ளி வையுங்கள். சாய்த்து வைத்தால் அதிர்வில் வழுக்கி விழும். கழுத்து முறிவது பெரும்பாலும் அப்படித்தான். வெற்றிடக் குழாய்ப் பெருக்கியாக இருந்தால் அதன் சூட்டுக்கு எட்டாமல் வையுங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டாரானால் தாங்கியின் ரப்பர் படும் இடத்தில் பருத்தித் துணி சுற்றுங்கள். சிலவகை ரப்பர் அந்தப் பூச்சை இளக்கிவிடும். மாதம் ஒருமுறை திருகுகளைச் சோதியுங்கள்.

மாணவர் இப்போது சுவரில் ஆணியடித்துக் கிட்டாரைத் தொங்கவிட்டிருக்கிறார். ஆணிக்குத் தந்தையின் கடையிலிருந்து கொண்டுவந்த துண்டுத் துணி சுற்றியிருந்ததை, போன மாதம் அவர் அறைக்குப் போனபோது பார்த்தேன்.