சோற்றை விலக்கினால் போதுமா?

1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கிய பிறகுதான் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் நிலைபெற்றது. மேட்டாங்காட்டு மானாவாரியில் விளைந்த கம்பும் சோளமும் மெல்லத் தட்டிலிருந்து விலகின. இன்று சர்க்கரை நோய்க்கு அஞ்சி அரிசியை அடியோடு ஒதுக்குவோர் இந்த வரலாற்றையே சான்றாகக் காட்டுகிறார்கள்: கம்பங்கூழ் குடித்த தாத்தாவுக்குச் சர்க்கரை இல்லையே என்கிறார்கள். அவர் விடிகாலையிலேயே கமலை இறைக்கப் போன உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2025இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வும் தானியத்தை மாற்றினால் மட்டும் போதாது என்பதைத் தெளிவாக்குகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் சிறுதானிய மாவுக்கு மாறுவதால் மட்டும் நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை; மாவுச்சத்தில் ஒரு பங்கு பருப்பு, பால் புரதமாக மாறும்போதே அபாயம் குறைகிறது. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிக்கு விலக்கே மருந்துதான். மற்றவர்களுக்குச் சோறு குறைந்த இடத்தில் மொச்சையும் தட்டைப்பயறும் வருவதே நலம்.