விலைச் சொற்கள்

பொருளின் மதிப்பையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள். வணிகர் வாங்கிய கணக்கு அடக்க விலை. அதன்மேல் இலாபம் வைத்தால் விற்பனை விலை. நில ஆவணங்களில் விற்பனையைக் கிரயம் என்றே எழுதுகிறார்கள். தட்டுப்பாட்டால் ஏறினால் கிராக்கி, எட்டாத உயரத்துக்குப் போனால் ‘யானை விலை குதிரை விலை’.

இவற்றுள் கூர்மையானது ‘அடிமாட்டு விலை’. உழைக்க இயலாத மாட்டை இறைச்சிக்குத் தள்ளிவிடும் விலை அது. அறுவடை நாளில் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் உழவர் இதைச் சொல்லும்போது, விற்பவரின் வேறுவழியின்மையும் அச்சொல்லில் ஏறிவிடுகிறது. ‘மலிவு’ அந்த வலியைச் சொல்லாது. உழவர் கேட்பதோ கட்டுபடியாகும் விலை.

தானிய விலையைக் குறித்த ‘அகவிலை’, அரசு ஊழியரின் அகவிலைப்படியில் நிலைத்திருக்கிறது.

ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு 1957-இல் தசம முறைக்கு மாறியது. ஆயினும் 25 காசு நாலணாவாகவும் 50 காசு எட்டணாவாகவும் பேச்சில் தொடர்ந்தன. நாலணா நாணயம் 2011 ஜூன் இறுதியோடு செல்லாததாயிற்று. இலங்கைத் தமிழில் காசுக்குப் பதில் ‘சதம்’ வழங்குகிறது.