சர்க்கரையிலிருந்து வேதிப்பொருள்: வெள்ளீய பீட்டா ஜியோலைட்டின் வடிவமைப்பு

1. சிக்கல்

குளுக்கோஸ் மூலக்கூறு முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள். சூடேற்றினால் ஆவியாகுமுன் கருகிவிடும். பெட்ரோலியத்துக்கென வளர்ந்த ஆவிநிலை முறைகள் இங்கே செல்லா. கரைசலில்தான் வினை நடத்த வேண்டும். ஆனால் இவ்வினையை ஊக்கக்கூடிய லூயிஸ் அமிலங்களில் (எலக்ட்ரான் இணையை ஏற்பவை) பெரும்பாலானவற்றை நீர் முடக்கிவிடும்.

குளுக்கோஸை ஃபிரக்டோஸாக்க ஆலைகள் நொதியையே நம்புகின்றன. அது ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில், நடுநிலைக் கரைசலில் இயங்கும். ஃபிரக்டோஸிலிருந்து நீரை நீக்கி ஹைட்ராக்சிமெதில் ஃபர்ஃபியூரல் எடுக்கவோ அமிலம் வேண்டும். இரண்டையும் ஒரே கலனில் நடத்த நொதியால் ஆகாது.

2. வினை மையம்

2010இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் டேவிஸ் குழு வெளியிட்ட முடிவு வழி திறந்தது. லூயிஸ் அமிலமாகச் செயல்படும் வெள்ளீயம் பொதிந்த பீட்டா ஜியோலைட் (நுண்துளைகள் கொண்ட சிலிக்காச் சட்டகப் படிகம்), 10 சதவீதக் குளுக்கோஸ் கரைசலை 110 டிகிரியில் 30 நிமிடத்தில் மாற்றியது: எஞ்சிய குளுக்கோஸ் 46 சதவீதம், ஃபிரக்டோஸ் 31, மேனோஸ் என்ற மற்றொரு சர்க்கரை 9.

நடப்பது இது. வளையம் திறந்த சர்க்கரையின் இரு ஆக்சிஜன்கள் வெள்ளீய அணுவைப் பற்றுகின்றன. இரண்டாம் கார்பனின் ஹைட்ரஜன், ஹைட்ரைடாக முதல் கார்பனுக்குத் தாவுகிறது. இரண்டாம் கார்பனில் டியூட்டீரியம் பதித்த குளுக்கோஸைக் கொடுத்தபோது, ஃபிரக்டோஸின் முதல் கார்பனில் அது தென்பட்டது. இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே வெள்ளீயம் ஆக்சைடு துகளாக இருந்தால் நீரில் இவ்வினையை நடத்துவதில்லை. சிலிக்காச் சட்டகத்துள் தனி அணுவாக அமர வேண்டும். சட்டகத்துடனான நான்கு பிணைப்புகளில் ஒன்று அவிழ்ந்து ஹைட்ராக்சிலுடன் நிற்கும் 'திறந்த' மையமே திறன் மிக்கது. ஆகவே வடிவமைப்பு என்பது வெள்ளீயத்தின் அளவைக் கூட்டுவதன்று, அதன் சுற்றுப்புறத்தை அமைப்பதே.

3. துளையும் நீரும்

ஃபுளூரைடு ஊடகத்தில் வளர்த்த படிகத்தில் குறைகள் சொற்பம். துளைகள் நீரை வெறுப்பதால் மையம் நீரில் மூழ்குவதில்லை. ஆனால் படிகம் வளர வாரக்கணக்கில் ஆகும். சந்தையில் கிடைக்கும் பீட்டாவின் அலுமினியத்தை நைட்ரிக் அமிலத்தால் களைந்து, காலியிடத்தில் வெள்ளீயத்தைப் புகுத்தலாம். இது விரைவான வழி. எனினும் எஞ்சும் சிலனால் (Si–OH) தொகுதிகள் நீரை ஈர்க்கும்.

4. மெத்தனாலில்

ஹோல்ம், சரவணமுருகன், டார்னிங் ஆகியோர் 2010இல் இதே வினையூக்கியை மெத்தனாலில், 160 டிகிரியில் பயன்படுத்தினர். சுக்ரோஸிலிருந்து 68 சதவீதம் வரை மெதில் லாக்டேட் கிடைத்தது. சுக்ரோஸ் தரும் ஆறு கார்பன் சர்க்கரை இரு மூன்று-கார்பன் துண்டுகளாகப் பிளந்ததால் வந்த பலன்.

5. ஆயுள்

மூடிய கலனில் அரைமணி நேரம் கண்ட விளைச்சல் ஆலைக்குப் போதாது. சுடு நீரில் சட்டகம் மெல்லச் சிதைகிறது. கருமையான ஹியூமின் படிவு துளைகளை அடைக்கிறது. படிவை எரித்து நீக்கலாம், சிதைந்த சட்டகத்தை மீட்க முடியாது. எனவே தொடர்பாய்வு உலையில் நெடுநேரம் ஓட்டிய தரவையும், வெளியேறும் கரைசலில் கரைந்த வெள்ளீயத்தின் அளவையும் விளைச்சலோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.