பள்ளிப் படிப்பும் வாழ்க்கைத் தொழிலும்



"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்றொரு பழமொழி யாழ்ப்பாணத்தில் உண்டு. அரசாங்க உத்தியோகத்தின்மேல் நம்மவர் கொண்ட மோகத்துக்கும், கைத்தொழிலை அவர்கள் இழிவாக எண்ணினர் என்பதற்கும் இதனைச் சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கம். பிள்ளைகளின் வருங்கால வாழ்க்கைக்குப் பள்ளிக்கூடம் எதைக் கற்பிக்கவேண்டும் என்ற வினா எழும்போதெல்லாம், ஏட்டுப் படிப்பையே நாடும் பெற்றோர்தாம் தடையாக நிற்கின்றனர் என்ற குற்றச்சாட்டும் உடனெழுகிறது. அக்குற்றச்சாட்டு நியாயமானதுதானா என்பதை இலங்கைக் கல்வி வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இவ்வினாவுக்கு இடமிருக்கவில்லை. பிள்ளைகள் மணலிலும் ஏட்டிலும் எழுதப் பழகினர். எண்சுவடியையும் நிகண்டையும் மனனஞ் செய்தனர். உழவும் தச்சும் நெசவும் மீன்பிடியும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்தன. பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது. வீடு தொழிலைக் கொடுத்தது. ஆயின், எவன் எவ்வீட்டிற் பிறந்தானோ அவ்வீட்டுத் தொழிலே அவனுக்கு விதியாயிற்று. குலத்தின் காரணமாகத் திண்ணைப் பள்ளியின் படியேறவும் இடம் பெறாத பிள்ளைகள் பலர்.

கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபார்சுகளையொட்டி 1833ஆம் ஆண்டிற் சீர்திருத்தங்கள் வந்தன. அரசாங்க சேவை இந்நாட்டவர்க்கும் திறக்கப்பட்டது. ஆங்கில அறிவு அதற்குத் திறவுகோலாயிற்று. மழை பொய்த்தாலும் மாத முடிவிற் சம்பளம் வரும். முதுமையில் ஓய்வூதியம் வரும். கிணற்று நீரை இறைத்துத் தோட்டஞ் செய்த குடும்பங்களுக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதனினும் பெரிய நன்மை ஒன்றும் இருந்தது. பிறந்த வீட்டுத் தொழிலை விட்டு வேறொரு நிலைக்கு ஏறிச்செல்ல ஒரு பாதை கிடைத்தது. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே பெற்றோர் ஆங்கிலப் பாடசாலையை நாடினர்.

அவர்கள் கைவேலையை வெறுத்தார்களா என்பதை அறிய மானிப்பாய்க்குச் செல்லவேண்டும். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அவ்வூரில் வைத்தியசாலை நடத்தி மாணவர்க்கு மேனாட்டு வைத்தியம் பயிற்றினார். பிற்காலத்தில் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அம்முயற்சியில் வெளிவந்தன. 1873இல் அவர் நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றிருந்தனர். புண்ணைக் கழுவுதலும், சீழை வடித்தலும், எலும்பைப் பொருத்திக் கட்டுதலும் கைவேலையன்றி வேறென்ன? ஆயினும் அக்கல்வியை எவரும் இழிவென்று ஒதுக்கவில்லை. ஏனெனில் அங்கே கைப்பழக்கத்தோடு அதன் காரண அறிவும் கற்பிக்கப்பட்டது. கற்றவனுக்குச் சீவனமும் மதிப்பும் கிடைத்தன.

இதற்கு மாறான கதை 1930களில் நடந்தது. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸ என்னுமிடத்தில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. பாடசாலையைக் கிராம வாழ்வோடு இணைத்து, பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைப்பணி ஆகியவற்றைப் படிப்பின் நடுவே வைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் அக்காலத்திற் பாடசாலைகள் இருவகையாக இருந்தன. கட்டணம் வாங்கிய ஆங்கிலப் பாடசாலை உத்தியோகத்துக்கு அனுப்பியது. கட்டணமில்லாத சுயபாஷைப் பாடசாலை கிராமத்திலேயே நிறுத்தியது. புதிய திட்டமோ சுயபாஷைப் பாடசாலைகளுக்கே உரியதாயிற்று. நகரத்துப் பிள்ளை ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்க, தம் பிள்ளை மட்டும் மண்வெட்டி பிடிக்கக் கற்பானேன் என்று கிராமத்துத் தந்தை ஐயுற்றால், அவரை அறிவிலி என்று சொல்லமுடியுமா? அத்திட்டம் நாளடைவிற் கைவிடப்பட்டது.

கல்வி மந்திரி கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதே அறிக்கையில் இன்னொரு யோசனையும் இருந்தது. ஆரம்பக் கல்வி முடிந்ததும் பிள்ளைகளைத் திறமைக்கேற்பத் தெரிந்து, ஏட்டுக் கல்விக்கும், தொழினுட்பத்துக்கும், செயன்முறை வேலைக்குமாக மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்பவேண்டும் என்பதே அது. இலவசக் கல்வியை மக்கள் கைநீட்டி வரவேற்றனர். மூவகைப் பாடசாலைகளோ செயலுருப் பெறவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் தலையெழுத்தை ஒரு பரீட்சையால் எழுதிவிட யார்தான் உடன்படுவர்?

படித்த இளைஞர் பெருகினர். உத்தியோகங்கள் அவ்வளவுக்குப் பெருகவில்லை. 1971 ஏப்பிரில் மாதக் கிளர்ச்சி இந்த உண்மையை இரத்தத்தால் எழுதிக்காட்டியது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் தாபனக் குழு, இளைஞர் எதிர்பார்த்த வேலைக்கும் நாட்டில் இருந்த வேலைக்கும் இடையேயுள்ள பொருத்தமின்மையை விளக்கியது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லா மாணவர்க்கும் பொதுவான பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. கணிதமும் விஞ்ஞானமும் கடைக்கோடிக் கிராமத்துப் பிள்ளைக்கும் உரியவாயின. இது மறக்கத்தகாத நன்மை.

ஆனால் தொழில் முன்னிலைப் பாடம் தடுமாறியது. பயிற்சி பெற்ற ஆசிரியரும் கருவிகளும் போதவில்லை. அவ்வவ்வூர்த் தொழிலையே பாடமாக்குவது கொள்கையாக இருந்தது. கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைக்கு வலை பின்னுதலைப் பள்ளிக்கூடம் வந்தா கற்பிக்கவேண்டும்? அது தகப்பனிடம் கற்றுக்கொண்டதாயிற்றே! கடல்நீரோட்டம், மீனினப் பெருக்கம், எஞ்சின் பழுதுபார்த்தல், மீனைப் பதனிடுதல், கணக்கு வைத்தல் என்பவற்றையல்லவா தகப்பனாற் கொடுக்க இயலாத அறிவாகப் பள்ளிக்கூடம் கொடுத்திருக்கவேண்டும்? 1977இல் ஆட்சி மாறியது. புதிய பரீட்சையும் தொழில் முன்னிலைப் பாடங்களும் வேரூன்றுமுன்பே கைவிடப்பட்டன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பெற்றோர் உழைப்பை வெறுக்கவில்லை. பிள்ளைக்கு முன்னே கதவு மூடப்படுவதையே வெறுத்தனர். மானிப்பாயிற் கதவு திறந்திருந்தது. ஹந்தெஸ்ஸவில் அது மூடப்படுவதாக அவர்களுக்குத் தோன்றியது. ஆகவே, வாழ்க்கைக்கான கல்வி ஏழைப் பிள்ளைக்கு மட்டும் விதிக்கப்படும் கல்வியாக இருத்தலாகாது. நகரத்துப் பெரிய கல்லூரி மாணவனும் மரத்தை அளந்து அறுக்கவேண்டும். கிராமத்து மாணவியும் பௌதிகத்தைப் பயிலவேண்டும். ஆண்பிள்ளைக்கும் சமையலும் தையலும் தெரிந்திருக்கவேண்டும். காணி உறுதியை வாசித்து விளங்குதல், கடன் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் வட்டியைக் கணக்கிடுதல், காய்ச்சலின் அறிகுறியை அறிந்து காலத்தோடு வைத்தியரை நாடுதல் ஆகியவை எவ்வுத்தியோகத்தில் இருப்பவர்க்கும் வேண்டியவை. இவற்றைக் கற்பிக்கத் தனிப் பாடம் வேண்டுமென்பதில்லை; தமிழும் கணிதமும் விஞ்ஞானமும் செவ்வனே கற்பிக்கப்படின் அவற்றுள்ளேயே இவை அடங்கும்.

2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை சேர்க்கப்பட்டு, அதன்வழியே பல்கலைக்கழகத்துக்கும் பாதை வகுக்கப்பட்டது. கைத்திறனுக்கு மேற்படிப்பின் வாயில் திறக்கும்போது பெற்றோர் தாமே முன்வருவர். ஒரு புதிய பாடத்தைப் புகுத்த எண்ணுவோர், "இதனை என் பிள்ளைக்கும் கற்பிப்பேனா?" என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். ஆம் என்று மனமார விடை கூறக்கூடியதையே ஊர்ப்பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம்.